மீதியைக் கணக்கில் கொள்ள வேண்டாம்

பந்தி விசாரிக்கிறவன் சட்டியப் பாக்கக் கூடாதுல, என்று தொடங்கி அப்பா ஒன்று சொல்வார். சட்டியைப் பார்க்காமல் வேறெதைப் பார்க்க வேண்டும் என்பதையும் கையோடு சொல்லத்தான் செய்வார். ஆனால் அந்தப் பின்பாதி ஜெபசிங்குக்கு மறந்துவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை ஆறுதல்புரத்து வேதக்கோயிலில் அசனம் நடக்கும், சபைக்காரர் சபையில்லாதவர் என்று பாராமல் ஊர் மொத்தமும் தரையில் வரிசையாக உட்கார்ந்து கறிக்குழம்பும் சோறும் சாப்பிடும், தையல்காரர் தேவஇரக்கம் குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு இலை இலையாகக் குனிந்து போவார், அவர் பின்னால் மகன் உப்புத்தட்டோடு போவான், அப்படிப் போன வயதில் கேட்டது அது. பாத்திரச் சத்தத்தில் பாதி போய்விட்டது. போன பாதியை அவன் தேடவும் இல்லை. அதற்குப் பிறகு இங்கிலீஷில் படித்து, இங்கிலீஷில் கணக்குச் சொல்லிக்கொடுக்க மாலத்தீவுக்குப் போய், தீவு தீவாக மாற்றலாகி, தலை நரைக்கத் தொடங்கிய பிறகுதான் மனைவி மெர்சியோடு ஊருக்குத் திரும்பினான். திரும்பியவன் அப்பாவின் பழைய வீட்டை இடித்துவிட்டு அதே மனையில் மாடி வைத்துக் கட்டினான். அப்பாவின் தையல் மெஷின் மாடிப்படிக்குக் கீழே போயிற்று.

வந்த வருடமே ஊர் நடுநிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார் இடம் காலியானது, ஜெபசிங் போய் உட்கார்ந்தான். அவனுக்கு ஒரு கர்வம் உண்டு. புத்தகத்தில் இருக்கிற கணக்கைப் போட மாட்டான், சொந்தமாக எழுதுவான்; வெறும் எண்ணை வெறும் எண்ணால் வெட்டச் சொல்வது கசாப்புக்கடை வேலை என்பான்; கணக்கு என்றால் அதில் ஆள் இருக்க வேண்டும், ஆளுக்குப் போக ஓர் இடம் இருக்க வேண்டும், முதலில் பெருக்கி, அப்புறம் கழித்து, கடைசியில் வகுத்து, மூன்று படி ஏறித்தான் விடையைத் தொட வேண்டும் என்பான். பிள்ளைகள் மூன்றாவது படியில் வழுக்கின. வகுத்து முடித்த பிறகு அடியில் மிஞ்சுகிற எண்ணை என்ன செய்வதென்று தெரியாமல் சில அதை விடையோடு கூட்டின, சில விடையிலிருந்து கழித்தன, சில அழித்துவிட்டு அழித்த இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டன. தீவுப் பள்ளிகளில் அது விடைக்குப் பக்கத்தில் ஒற்றை இங்கிலீஷ் எழுத்தோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும், யாருக்கும் தொந்தரவில்லை. இங்கேயோ மீதி என்று முழுதாக எழுதிக் கோடு போட வேண்டியிருந்தது. சலித்துப்போன ஜெபசிங் ஒவ்வொரு கணக்கின் முடிவிலும் ஒரு வரி சேர்க்க ஆரம்பித்தான்: மீதியைக் கணக்கில் கொள்ள வேண்டாம்.

ஜூலையில் ஏழாம் வகுப்புக்கு அவன் கொடுத்த கணக்கு இது. ஒரு கல்யாணத்துக்கு ஆறு தெருக்களிலிருந்து தெருவுக்கு 45 பேர் கிளம்பினார்கள். அவர்களில் 20 பேர் பைக்கில் முன்னே போய்விட்டார்கள். மற்றவர்கள் பஸ்ஸுக்கு 35 பேர் வீதம் ஏறினால் எத்தனை பஸ்கள் நிறையும்? மீதியைக் கணக்கில் கொள்ள வேண்டாம். வகுப்பு மொத்தமும் ஏழு என்று எழுதியது. ஒரே ஒரு பெண் எட்டு என்று எழுதி, அதன் கீழே, அஞ்சு பேரு நிக்காங்க சார், என்றும் எழுதியிருந்தாள். நிறைகிற பஸ்ஸைத்தானே கேட்டேன் என்று சொல்லி அவன் அதைச் சிவப்பு மையால் அடித்தான்.

மறுநாள் காலை முதல் பஸ் தேரிச் செம்மணலைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றபோது ஐந்து பேர் இறங்கினார்கள்: பட்டுவேட்டி கட்டிய ஒரு பெரியவர், அவர் மனைவி, அந்த அம்மாளின் தங்கை, கூலிங்கிளாஸ் போட்ட இரண்டு வாலிபர்கள். பெண்கள் தலையில் மல்லிகைப்பூ, பெரியவர் கையில் கலர்த்தாள் சுற்றிய எவர்சில்வர் குடம். நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கிற சுடலைமணி, யாரு வீட்டுக்கு வந்திருக்கிய என்று கேட்டார். கல்யாண வீட்டுக்கு என்றார் பெரியவர். எந்தக் கல்யாணம் என்று கேட்டதற்கு, ஆறு தெருவிலிருந்து தெருவுக்கு நாற்பத்தைந்து பேர் கிளம்பினோம் என்று தொடங்கி முழுவதையும் ஒப்பித்தார். பஸ் எல்லாம் நிறைந்துவிட்டது, நாங்கள் நின்றுகொண்டிருந்தோம் என்றார். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பேர் என்ன, சொந்த ஊர் எது என்று கேட்டால் கண்ணைச் சுருக்கி யோசித்துவிட்டு, அது கணக்குல இல்லியே, என்றார்.

ஊருக்கு இதில் வியந்து நிற்க நேரமில்லை. ராத்திரி அவர்களை எங்கே படுக்க வைப்பது என்பதுதான் முதல் கேள்வி, பட்டோடு வந்தவர்களைக் கல்யாணம் காட்டாமல் எத்தனை நாள் உட்கார வைப்பது என்பது அடுத்த கேள்வி. முதல் கேள்விக்குப் பூட்டிக் கிடந்த பழைய போஸ்ட்டாபீஸ் கட்டடத்தைத் திறந்து வெள்ளையடித்தார்கள். இரண்டாவதற்கு, மரக்கடைக்காரர் தன் மகளுக்குத் தை மாதத்தில் வைத்திருந்த கல்யாணத்தை ஆவணிக்கு இழுத்தார். மாப்பிள்ளை வீட்டார் ஏன் எதற்கு என்று கேட்டபோது, ஐந்து பேர் கிளம்பி வந்து காத்திருக்கிறார்கள் என்று சொன்னார், அவர்களும் அது நியாயம்தான் என்றார்கள். அதுவரைக்கும் அந்தப் பெண்களின் தலையில் மல்லிகை வாடவில்லை. கல்யாணத்தன்று முன்வரிசையில் உட்கார்ந்து, மாப்பிள்ளை கையில் எவர்சில்வர் குடத்தைக் கொடுத்து, சாப்பிட்டு வெற்றிலை போட்ட பிறகுதான் வாடியது. அதற்குப் பிறகு அவர்கள் போகவும் இல்லை, போக இடமும் இல்லை. பெரியவரை ஊர் கல்யாண அண்ணாச்சி என்று அழைத்தது, வாலிபர்கள் மரக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

இது ஒரு வாரத்தோடு நிற்கவில்லை. தென்னந்தோப்புக் கணக்கு ஒன்றில் மிஞ்சிய ஒற்றை மரம் பள்ளி வாலிபால் மைதானத்தின் நடுவில் குலையோடு நின்றது, பிள்ளைகள் அதைச் சுற்றியே ஆடப் பழகின. தையல் கம்பெனிக் கணக்கில் மிஞ்சிய ஐந்து நிமிடம் சுடலைமணி கடையில் வந்து தங்கியது. தினமும் மூன்றரை மணிக்கும் அதே மூன்றரை மணிக்கும் நடுவில் அது விரிந்து கிடக்கும், அந்த நேரத்தில் யாரும் யாருக்கும் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்பதால் கடையில் உட்கார இடம் கிடைக்காது. நான்கு மாடி விடுதியில் அறைக்கு ஆறு பேராகப் பிரித்தபோது மிஞ்சிய ஒருத்தி டிரங்குப் பெட்டியும் பிளாஸ்டிக் வாளியுமாக இறங்கினாள். படகுக் கணக்கிலிருந்து வந்தவர்கள் ஈர வலையோடு வந்தார்கள்.

வந்துகொண்டே இருந்தால் அதற்கொரு வழக்கம் வந்துவிடும்தானே. பஸ்ஸிலிருந்து இறங்கி எந்தப் பக்கமும் திரும்பாமல் நிற்கிறவர்களைச் சுடலைமணி பெஞ்சில் உட்கார வைப்பார், டீ கொடுப்பார், எந்தக் கணக்கு என்று கேட்பார், அவர்கள் ஒப்பிப்பார்கள், கடையில் இருக்கிறவர்கள் தலை குனிந்து கேட்பார்கள். குடித்து முடித்த கிளாஸை அவர்கள் கையிலிருந்து யார் வாங்குகிறாரோ அவர் வீட்டுக்கு அவர்கள் போவார்கள். இந்த விதியை யாரும் எழுதவில்லை. விடுதிப் பெண்ணின் கிளாஸை ஓய்வுபெற்ற நர்ஸம்மா வாங்கினார், வலைக்காரர்களின் கிளாஸைக் குளத்துத்தெருக்காரர்கள் வாங்கினார்கள், ஒரு கிளாஸும் பெஞ்சில் தனியாக வைக்கப்படவில்லை.

இவ்வளவும் யார் பேனாவிலிருந்து வருகிறது என்று ஊருக்குத் தெரியும். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் ஜெபசிங்கைத் தின்றது. திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தான். கணக்கில் எத்தனை நிறையும் என்றுதான் கேட்கப்பட்டிருக்கிறது என்பதை விளக்கியிருப்பான். அவர்களோ எதிரில் வந்தால் வணக்கம் சார் என்றார்கள், பாய் தலையணை வாங்கக் கோயிலில் காணிக்கை எடுத்தபோது அவனிடம் மட்டும் தட்டை நீட்டாமல் நாசூக்காகத் தாண்டிப் போனார்கள். அவன் பள்ளிக்கு நிறுத்தம் வழியாகப் போவதை விட்டு உடைமரக்காட்டுப் பாதையில் முள் குத்தப் போனான். அங்கேயும் ஒரு நாள் விடுதிப் பெண் எதிர்ப்பட்டாள். ஓரமாக ஒதுங்கி வழிவிட்டவள், பிறகு மனசு கேளாமல் கேட்டாள்.

"அந்தப் பதினாலு ரூம்புல எதுலயாவது ஒண்ணுல ஒரு பாய் போட எடம் இருந்திருக்காதா சார்?"

இருந்திருக்கும். அவன் அந்த அறைகளை எழுதும்போது சுவர்களைப் பற்றிக்கூட யோசிக்கவில்லை.

அன்றிலிருந்து ஜெபசிங் மிச்சமில்லாமல் வகுபடுகிற கணக்குகளை மட்டும் எழுதினான். எண்களைப் பின்பக்கமிருந்து கட்டி, விடையிலிருந்து கேள்விக்கு நடந்து, இரண்டு தடவை சரிபார்த்த பிறகே கரும்பலகையில் போட்டான். பஸ் வழக்கமான ஆட்களோடு வந்து வழக்கமான ஆட்களோடு போனது. அவன் மறுபடி நிறுத்தம் வழியாக நடக்கத் துணிந்த நாளில் சுடலைமணி பாய்லருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, என்ன சார், ரெண்டு வாரமா பஸ்ஸு வெறுங்கையா வருது, பேனா கீனா தொலஞ்சுபோச்சா, என்றார். கடையே சிரித்தது. அவனும் சிரித்தான். சிரித்தபோது, இதற்கெல்லாம் முன்னால், கரும்பலகையில் இல்லாமல் வேறோரிடத்தில், தான் ஒரு கணக்கைப் போட்டிருந்தது அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

அந்தக் கணக்கு ஜனவரியில் போட்டது. அம்மா போன பிறகு தனியாக இருந்த தேவஇரக்கம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு தப்பியது, ஆனால் இனி அவரைத் தனியே விடக்கூடாது என்று ஐந்து பிள்ளைகளும் போனில் கூடினார்கள். தூத்துக்குடியில் இருக்கிற அண்ணன் தர்மராஜ், மதுரை அக்கா, சென்னைத் தம்பி, கோயம்புத்தூர்த் தங்கை, அப்போதுதான் ஊர் திரும்பியிருந்த ஜெபசிங். ஆளுக்கு ஆள் அன்பாகத்தான் பேசினார்கள், அன்பு அதிகமாகி ஒரு முடிவும் வராமல் இழுத்தது. கடைசியில் அண்ணன், கணக்குப் படிச்சவன் நீதானல, நீயே பிரிச்சுச் சொல்லு, என்றார். ஜெபசிங் பிரித்தான். வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம்; கிறிஸ்துமஸ் வருகிற டிசம்பரை மூத்தவர் தனியாகக் கேட்டுக்கொண்டார்; மற்றது பதினொன்று; அதை ஐந்தால் வகுத்தால் ஆளுக்கு இரண்டு மாதம். அண்ணனிலிருந்து ஆரம்பித்து வரிசையாக, கடைசியாக செப்டம்பரும் அக்டோபரும் ஜெபசிங்குக்கு. குடும்பத்தின் வாட்ஸப் குழுவில் அழகாக எழுதிப் போட்டான், அடியில், மிச்சம் ஒரு மாதம், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், என்றும் எழுதினான். எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கினார்கள். அடுத்த அறையில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்த அப்பாவை யாரும் கேட்கவில்லை.

அவர் ஒரே பையோடு ஊர் ஊராகப் போனார், போன இடத்தில் காலர் கிழிந்த சட்டைகளைத் தைத்துக் கொடுத்தார், மாதம் முடிந்ததும் கிளம்பினார். செப்டம்பரில், தான் பிறந்த மனையில் மகன் கட்டிய வீட்டுக்கு விருந்தாளியைப் போல வந்து, செருப்பை எங்கே விட என்று கேட்டார். ஊரில் கணக்கு ஆட்கள் வந்துபோவதைக் கண்டு அவரும் டீக்கடைக்குப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார், பாவம் என்பார்.

அக்டோபர் முப்பத்தொன்று காலையில் ஜெபசிங் பல் தேய்த்துக்கொண்டு வந்தபோது அவர் வெளுத்த சட்டை போட்டு, பையைக் கட்டி, வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரும் கிளம்பச் சொல்லவில்லை. தேதி அவருக்குத் தெரிந்திருந்தது. மெர்சி அடுப்படியிலிருந்து வந்து, நவம்பர் யாருக்கு என்று தணிந்த குரலில் கேட்டாள். ஜெபசிங், ஒரு மாசம்தான, என்றான். அண்ணனுக்குப் போன் அடித்தான், எடுக்கவில்லை. டிசம்பரில் எப்படியும் அங்கேதானே, கொஞ்சம் முன்கூட்டிப் போகிறார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அப்பாவைத் தூத்துக்குடி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்தான், அண்ணன் ஸ்டாண்டுக்கு வருவாவ என்றான். அப்பா சரில என்றார். பஸ் போன பிறகு பார்த்தால் அவருடைய செல்போன் மாடிப்படிக்குக் கீழே மெஷின் மேல் கிடந்தது.

சாயங்காலம் அண்ணன் கூப்பிட்டார். அப்பா வருவது அவருக்குத் தெரியவே தெரியாது, ஸ்டாண்டுக்கு அவர் போகவில்லை.

"எனக்கு டிசம்பர்தானல? நவம்பர் ஓங்கிட்டதான் இருப்பாவன்னு நெனச்சேன். வீட்டுல வேற பெயின்ட் வேல நடக்கு."

அக்காவும் அப்படித்தான் நினைத்திருந்தாள், தம்பியும், தங்கையும். மிச்ச மாதம் வேறு யாரிடமோ இருப்பதாக ஐந்து பேரும் மனதார நம்பியிருந்தார்கள். தூத்துக்குடி ஸ்டாண்டில் விசாரித்தாயிற்று, வெளுத்த சட்டை போட்ட பெரியவர்கள் அங்கே ஏராளம். ஜெபசிங் விடியட்டும் என்று காத்திருந்து, தேடப் போவதற்காக நிறுத்தத்துக்கு வந்தான். முதல் பஸ் செம்மணலைக் கிளப்பிக்கொண்டு நின்றது. ஒரே ஒருவர் இறங்கினார்.

அதே சட்டை, அதே பை. எந்தப் பக்கமும் திரும்பாமல் நின்றார். ஆறுதல்புரம் அந்த நிற்பை நன்றாக அறியும். எல்லாப் பஸ்ஸும் நிறைந்த பிறகு நிற்கிறவர்களின் நிற்பு அது. ஜெபசிங் கிட்டே ஓடி, அப்பா, என்றான். அவர் வழியில் நிற்கிறோமோ என்பது போல ஒதுங்கிக்கொண்டார்.

சுடலைமணி போட்டிருக்கிற டவுசரே தேவஇரக்கம் தைத்ததுதான். அவர் டீ வடிகட்டியைக் கீழே வைத்தார். பிறகு வேறு வழி தெரியாமல், எல்லோருக்கும் செய்கிறதையே செய்தார்; பெஞ்சைத் துடைத்து உட்கார வைத்தார், டீயைக் கையில் கொடுத்தார், பக்கத்தில் குனிந்து கேட்டார்.

"எந்தக் கணக்கு அண்ணாச்சி?"

அப்பா பள்ளிப் பிள்ளை போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு தகப்பனுக்கு அஞ்சு பிள்ளைய. வருசத்துக்குப் பன்னெண்டு மாசம். கிறிஸ்துமஸ் மாசத்த மூத்தவன் தனியாக் கேட்டுக்கிட்டான். மத்த மாசத்த அஞ்சு பேரும் சமமாப் பிரிச்சுக்கிட்டா ஆளுக்கு எத்தன மாசம்?" அங்கே நிறுத்தி, மூச்சு வாங்கி, அச்சுத் தமிழில் முடித்தார். "மீதியைக் கணக்கில் கொள்ள வேண்டாம்."

ஒருவரும் ஜெபசிங்கைப் பார்க்கவில்லை. சுடலைமணி பாய்லரைப் பார்த்தார், மரக்கடைக்காரர் பேப்பரைப் பார்த்தார், கூலிங்கிளாஸ் வாலிபர்கள் கண்ணாடியைக் கழற்றி அதைத் துடைத்தார்கள். அவ்வளவு பேர் சேர்ந்து பார்க்காமல் இருக்கிற இடத்தில் ஒரு மனிதன் எங்கே நிற்பது என்று ஜெபசிங்குக்குத் தெரியவில்லை. அப்பா டீயை ஊதி ஊதிக் குடித்தார். குடித்து முடித்து, கிளாஸை வைத்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தார். கையை நீட்டினால் போதும். நீட்டுகிற தூரத்தில்தான் நின்றான். ஆனால் இத்தனை பேர் முன்னால், என் அப்பாவை நான் வாங்கிக்கொள்கிறேன் என்பது போலக் கை நீட்டுவதை நினைத்தபோது முகம் தீயாக எரிந்தது, கை தொடையோடு ஒட்டிக்கொண்டது, அது பிரிவதற்குள் கல்யாண அண்ணாச்சி எழுந்து வந்து கிளாஸை வாங்கிவிட்டார்.

"வாங்க, போவோம்," என்றார்.

"நீங்க எந்தக் கணக்கு?" என்று அப்பா கேட்டார்.

"கல்யாணக் கணக்கு."

"நல்ல கணக்காக் கெடச்சிருக்கு," என்று சொல்லி அப்பா பையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனார்.

மத்தியானம் வாலிபர்கள் இருவரும் வீட்டுக்கு வந்து தையல் மெஷினைக் கேட்டார்கள். ஜெபசிங் உள்ளே இருந்துகொண்டான். மெர்சிதான் மாடிப்படிக்குக் கீழே குனிந்து, ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி, வாசல் வரை கொண்டுபோய்விட்டு வந்தாள். வந்து கையிலிருந்த தூசியைப் பார்த்தபடி சொன்னாள்.

"நான் யாருக்குன்னு கேட்டேன். நீங்க எத்தனன்னு சொன்னீங்க."

அன்றிலிருந்து அவள் தினமும் பழைய போஸ்ட்டாபீஸுக்கு ஒரு தூக்குவாளி கொண்டுபோனாள்.

நவம்பர் மழை பிடித்துக்கொண்டது. போஸ்ட்டாபீஸ் கவுன்ட்டருக்குப் பின்னால், ஸ்டாம்பு கொடுக்கிற இடத்தில் மெஷினைப் போட்டு, அப்பா கணக்கு ஆட்களுக்குத் துணி தைத்தார். பட்டோடு வந்தவர்களுக்கு மாற்றுச் சட்டை, விடுதிப் பெண்ணுக்குப் பாவாடை, வலைக்காரர்களுக்கு நிக்கர். சிரிக்கிற சத்தம் ரோட்டுக்குக் கேட்டது. ஜெபசிங் இரண்டு நாள் குடையோடு போய் எதிர்ச் சாரியில் நின்றுவிட்டுத் திரும்பினான். மூன்றாவது தடவை உள்ளே போனான். அப்பா எழுந்து நின்றார்.

"பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார்தான நீங்க? உக்காருங்க சார்."

அப்பா அவனை சார் என்றதும் ஜெபசிங்குக்கு உட்கார முடியவில்லை. வீட்டுக்கு வாருங்கள் என்றான். வார்த்தை எப்படியோ இங்கிலீஷில் யோசித்துத் தமிழில் சொன்னது போல விறைப்பாக வந்தது. அப்பா கழுத்தில் கிடந்த அளவு டேப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குத்தலே இல்லாமல், கை நீளம் எவ்வளவு வைக்க என்று கேட்கிறவர் போலக் கேட்டார்.

"வந்தா எத்தன நாளு இருக்கணும் சார்?" அவன் வாயைத் திறப்பதற்குள் அவரே, "இங்க யாரும் மாசம் கேக்கல, அதான்," என்றார்.

கல்யாண அண்ணாச்சி வாசல் வரை கூட வந்தார். மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "டிசம்பர் பொறந்துட்டா அவியளுக்கு எல்லாம் ஞாபகம் வந்துரும் சார். டிசம்பர் அவிய கணக்குல இருக்கு. பிள்ளைய பேரெல்லாம் வந்துரும், உங்களையும் தெரியும். அடுத்த அக்டோபர் முடியற வரைக்கும் ஒண்ணும் பயமில்ல." கொஞ்சம் யோசித்து, "அப்புறம் இங்கதான் வருவாவ. நாங்க இருப்போம்," என்றார். ஆறுதல் சொல்வதாகத்தான் அவர் நினைத்தார். அண்ணனும் அன்று இரவே போனில், ஒன்றாம் தேதி காலையில் கார் அனுப்புகிறேன் என்றார்; பெயின்ட் வேலை முடிந்துவிட்டது, அப்பாவுக்கு வாடை ஆகாதே என்பதற்காக ஜன்னல்களைத் திறந்து போட்டிருப்பதாகச் சொன்னார்.

அந்த வருடம் அசனம் நவம்பர் கடைசி நாளில் வந்தது. எத்தனை பந்தி, எத்தனை இலை, எத்தனை மூடை அரிசி என்று கணக்குப் போட்டுத் தரும்படி குருவானவர் ஜெபசிங்கிடம் ஒப்படைத்திருந்தார். எட்டுத் தெரு, தெருவுக்கு 140 பேர், வெளியூரில் இருப்பவர்கள் 64 பேர், பந்திக்கு 96 பேர். பதினொரு பந்தி. மிச்சம் ஒன்றுமில்லை. எத்தனை தடவை போட்டாலும் ஒன்றுமில்லை. பல மாதங்களுக்குப் பிறகு அவன் அன்றுதான் நன்றாகத் தூங்கினான்.

பதினொரு பந்தியும் மழை விட்ட வெயிலில் வரிசையாக நடந்தது. ஆட்டுக்கறிக் குழம்பின் ஆவியில் கண் கரிக்க, அப்பா தூக்கிய அதே அலுமினிய வாளியைத் தூக்கிக்கொண்டு ஜெபசிங் இலை இலையாகக் குனிந்து போனான். கடைசிப் பந்தியின் பாதியில் வாளி கனம் குறைந்தது. அடுத்த இலைக்கும் அதற்கடுத்த இலைக்கும் எட்டுமா என்று வாளிக்குள் பார்த்தான், கரண்டியைச் சாய்த்து அடியில் எவ்வளவு கிடக்கிறது என்று பார்த்தான், எத்தனை இலை பாக்கி, இலைக்கு எத்தனை கரண்டி என்று மனசுக்குள் வகுக்கத் தொடங்கினான்.

"ஏல, சட்டியப் பாக்காத. வாசலப் பாரு."

நிமிர்ந்தான். கோயில் வாசலுக்கு வெளியே, படியில் கால் வைக்காமல், ஒதுங்கி, கூட்டமாக நின்றார்கள். கல்யாண அண்ணாச்சியும் அவர் வீட்டாரும், விடுதிப் பெண், வலைக்காரர்கள், இன்னும் யார் யாரோ. இத்தனை மாதம் ஊர் அவர்களைத் தன் ஆட்களாக வைத்துக்கொண்டிருந்தது. ஜெபசிங் மட்டும் எட்டுத் தெருவை எண்ணியிருந்தான். பழைய போஸ்ட்டாபீஸ் எந்தத் தெருவிலும் சேராது. அவர்கள் முகத்தில் கோபம் இல்லை, பழக்கப்பட்ட பொறுமை இருந்தது. முன்னால் அப்பா நின்றார். சொன்னது அவர்தான். சொல்லிவிட்டு, அதை ஏன் சொன்னோம், இந்த வாத்தியாரை ஏன் ஏல என்றோம் என்று திகைத்தவர் போல வாயைத் துடைத்துக்கொண்டார்.

ஜெபசிங் வாளியோடு நடுக்கோயிலில் நின்றான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கை நிறுத்தினார்கள். இந்தத் தடவை எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் வாசலுக்குப் போனான். உள்ளே கை காட்டிவிட்டு, இலைக்கட்டை எடுத்துத் தானே தரையில் விரித்துக்கொண்டு போனான். உட்கார்ந்திருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள், இடம் போதாதவர்கள் பீடத்துப் படி ஓரம் வரை நகர்ந்தார்கள், மரக்கடைக்காரர் தன் இலையில் தொடாமல் வைத்திருந்த சோற்றைப் பக்கத்து இலைக்குத் தள்ளினார். குழம்பு எல்லோருக்கும் கிடைத்தது, சிலருக்குக் கறி இல்லாமல் வெறும் குழம்பாகக் கிடைத்தது. விடுதிப் பெண் தன் இலையில் விழுந்த ஒற்றை எலும்பைக் காட்டி நர்ஸம்மாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

அப்பா மெதுவாகச் சாப்பிட்டார். பரிமாறுகிறவரின் பழக்கம், இலையை வழித்துச் சுத்தமாக மடித்தார். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் குடித்தார். குடித்து முடித்து, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தார். பக்கத்து இலையிலிருந்த கல்யாண அண்ணாச்சி கையைக் கழுவாமல் அப்படியே வைத்துக்கொண்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜெபசிங் வாளியைக் கீழே வைத்தான். அப்பாவின் கையிலிருந்து டம்ளரை வாங்கினான்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அண்ணன், நாளைக் காரைப் பற்றி. ஜெபசிங் அதை எடுத்துக் காதில் வைத்தான். இனிப் பன்னிரண்டு மாதத்தையும் ஒன்றால் வகுப்பது என்று முடிவெடுத்தான்.